பத்துக் கால் வீடு

அவளை அந்த அடுக்குமாடியில் எல்லோரும் அட்டை அத்தை என்றுதான் சொல்வார்கள். பேர் வைத்தது பிள்ளைகள். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் ஒன்பது வருஷம் மடிப்பு மெஷினில் நின்றவள். ஒரு அட்டையைக் கையில் கொடுத்தால் அது எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் முறியும் என்று அவள் விரலே சொல்லிவிடும். கம்பெனியை ஊருக்கு வெளியே மாற்றியபோது, இரண்டு பஸ் மாறிப் போய் மெஷினைப் பார்ப்பதைவிட வீட்டோடு இருந்து பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று நின்றுவிட்டாள். வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை விட்டுப்போவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

மொத்தம் ஐந்து உருப்படிகள். மூத்தது அவளுடைய சொந்த மகள், ஐந்து வயது. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பதால் அவளுக்கு ‘ஏன்’ என்றே பேர். அடுத்து இரட்டைப் பையன்கள், பெரிசு, சிறிசு. பத்து நிமிஷம் முந்திப் பிறந்துவிட்டதற்குப் பெரிசு பண்ணுகிற அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் கடி. கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பதம் பார்க்கிற மூன்றரை வயதுப் பையன். கடைசியாகத் தூங்குமூஞ்சி. சாப்பிட்ட கையோடு அப்படியே சாய்ந்துவிடுகிற பெண்குழந்தை.

வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, முடிந்தது. கடையில் வாங்கிய பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. முட்டை அட்டையில் முதலை, ஒற்றைக் காலுறையில் யானை, டீத்தூள் டப்பாவில் ரேடியோ. இன்றைக்குச் செய்தது இன்றைக்கே கிழியும். யாரும் அழமாட்டார்கள். நாளைக்கு வேறு செய்துகொள்ளலாம்.

இப்படி இருக்கையில் மூன்றாம் மாடிக்காரர் புது ஃபிரிட்ஜ் வாங்கினார். அதன் பெட்டியை அவளே கேட்டு வாங்கி, தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தாள். நல்ல ஐந்தடுக்கு அட்டை. கம்பெனியில்கூட அவள் கைக்கு அபூர்வமாகத்தான் வந்த சரக்கு. அதில் மூன்று ஜன்னல் வெட்டி, ஒரு கதவு வைத்து, பசை தொடாமல் காடி வெட்டிச் சொருகிக் கூரையும் போட்டாள். சுவருக்குப் பீட்ரூட் சாறும் காபித்தூள் கரைசலும் பூசியது பிள்ளைகள். கடிக்கும் ஒரு வேலை கிடைத்தது. கூரையின் ஓரத்தைக் கடித்துக் கடித்து ஓடு மாதிரி வளைவு வளைவாக ஆக்கவேண்டும். கடித்ததற்காக அவன் பாராட்டு வாங்கியது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

ஹாலுக்குள் அதை வைத்தால் பிள்ளைகள் நிற்க இடமில்லை. அதனால் வெளியே வைத்தாள். முதல் மாடி வராந்தா போய் முட்டுகிற கடைசி வீடு அவளுடையது. அதைத் தாண்டிப் போக யாருக்கும் வழியுமில்லை, வேலையுமில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் குடித்தனம் அமோகமாக நடந்தது. பெரிசு வீட்டுக்காரர், சிறிசு வாடகைக்கு வந்தவர், தூங்குமூஞ்சி விருந்தாளி. விருந்தாளி வந்ததும் தூங்கிவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பொது வராந்தாவில் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது, மீறினால் அகற்றப்படும் என்று சங்கத்தின் செக்ரட்டரி கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் அதைப் படித்துவிட்டு வராந்தாவைப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் செருப்பு அலமாரி. நடுவில் பூந்தொட்டிகள். மாடிப்படி திரும்புகிற இடத்தில், யாரோ வாங்கி ஒரு வாரம் ஓடிவிட்டுத் துணி காயப்போடுகிற ஓட்டப்பயிற்சி மெஷின். இவ்வளவும் இருக்க நம்ம அட்டையையா சொல்லப்போகிறார்கள் என்று உள்ளே போய்விட்டாள்.

அட்டையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது வாட்ச்மேன் வந்து வீட்டைச் சாய்த்து, காலால் மிதித்து மடக்கி, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். பிறகு அவரே வந்து கதவைத் தட்டி, மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ணட்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள். கிழிந்துபோனால் அழாத கூட்டம், காணாமல்போனதற்கு அழுதது. கடி மட்டும் அழவில்லை. அன்றைக்கு அவன் யாரையும் கடிக்கவுமில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. தூங்குமூஞ்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே இரண்டாம் மாடிக்குப் போனாள்.

செக்ரட்டரி ஏதோ அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கெட்டவர் என்று சொல்லமுடியாது. குழாய் ஒழுகினால் அவரே ஆளைக் கூட்டிவந்து நிற்பார். ஆனால் எழுதியது எழுதியபடி நடக்கவேண்டும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தீ விபத்து, ஆபத்து நேரத்தில் ஓடும் வழி என்று பொறுமையாக விளக்கினார். அப்படியானால் செருப்பு அலமாரி என்று அவள் கேட்டதற்கு, அது அத்தியாவசியம் என்றார்.

“வராந்தாவோ மாடிப்படியோ, தரையில வைக்கிற எதுவும் பொருள்தான். இந்த ரூலை எழுதினதே நான்தாம்மா.”

“தரையில வெச்சாத்தானே சார்?”

“ஆமா, தரையில வெச்சாத்தான். தலையில வெச்சுக்கிட்டுப் போறதுக்கெல்லாமா ரூல் போடுவாங்க?”

அவள் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை மேஜைமேல் வைத்து, ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் மின்சாமான் கடையில் போய் நின்று வாஷிங் மெஷின் காலிப் பெட்டிகள் இரண்டு வாங்கிவந்தாள். இரண்டையும் சேர்த்து நீளமாக ஒரு வீடு. இதற்குத் தரை கிடையாது. உள்ளே பழைய படுக்கைவிரிப்பைக் கிழித்துப் பத்துப் பட்டைகள், ஆளுக்கு இரண்டு, தோளில் மாட்டிக்கொள்ள. அவள் கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதற்கு வம்பு, நாளைக்கு நமக்கும் குழாய் ஒழுகும் என்று முனகினான். முனகிக்கொண்டே, பிள்ளைகள் தோளில் பட்டை அறுக்குமே என்று பழைய பஸ் சீட்டின் பஞ்சை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தான்.

வீட்டை அணிவது சுலபமாக இருந்தது, நடப்பதுதான் பெரும்பாடு. பெரிசு முன்னால் போனால் சிறிசு பின்னால் போனான். இடது வலது ஒருவருக்கும் தெரியாது. அவள் எல்லார் இடது காலிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். சிவப்புக் கால், சும்மாக் கால், சிவப்புக் கால், சும்மாக் கால். ஹாலுக்குள் ஒரு நாள் முழுக்க இதே பாட்டு. வீடு சுவரில் மோதியது, சமையலறைக் கதவில் சிக்கியது, ஒரு தடவை தூங்குமூஞ்சி நின்றபடியே தூங்கி மொத்த வீடும் சரிந்தது. சாயங்காலத்துக்குள் நடை படிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடு கிளம்பியது. ஜன்னலுக்கு ஒரு முகம், கீழே பத்துக் கால், பக்கத்தில் அவள். வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், செருப்பு அலமாரிகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும் வளைந்துகொடுத்து, திரும்பி வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டார். இதை அகற்றட்டுமா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை. மேலே போய்ச் சொன்னார். செக்ரட்டரி இறங்கி வந்தார்.

“என்னம்மா இது?”

“தரையில வைக்கல சார். போட்டிருக்காங்க.”

“கழட்டச் சொல்லு.”

“குழந்தைங்க போட்டிருக்கிற உடுப்பை நடுவழியில கழட்டச் சொல்லலாமா சார்?”

அவர் குனிந்து பார்த்தார். ஒரு ஜன்னலிலிருந்து ‘ஏன்’ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து வாட்ச்மேனிடம், பேர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான், இது ரத்தம் குடிக்கிற அட்டை, ஒட்டினால் விடாது என்றார்.

“உப்புப் போட்டா விட்டுடும் சார்” என்றாள் அவள். வீடு அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அந்த வாரம் முழுக்க ஊர்வலம்தான். செவ்வாய்க்கிழமை வீடு ஆமையானது. புதன்கிழமை பஸ். அன்றைக்கு நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, பால் பாக்கெட் எடுக்க வந்தவர்களை ஏறுகிறீர்களா என்று கேட்டது. இரண்டாவது வீட்டு ஆசிரியை, காய்ச்சலுக்கு லீவு போட்டவர், போர்வையோடு வந்து பின்னால் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனார். வியாழக்கிழமை பலகையில் புதுத் தாள் ஏறியது. ஞாயிறு மாலை சங்கத்தின் அவசரக் கூட்டம்.

சனிக்கிழமை இரட்டையரின் அப்பா வந்தார். அவர் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் செக்ரட்டரிக்கு மச்சினர். அது ஒன்றைச் சொன்னாலே மிச்சம் விளங்கிவிடும். கொஞ்ச நாளைக்குப் பையன்களை என் அக்கா வீட்டில் விடுகிறோம், தப்பாக நினைக்காதீங்க என்றார். அவள் தப்பாக நினைக்கவில்லை. பையன்களின் துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள். வீட்டுக்கு நாலு கால் போய்விட்டது. மற்ற இரண்டு வீட்டாரும் இப்படி வந்து நின்றால் பிழைப்பு என்னாவது என்ற யோசனையும் வந்தது. கணவன், நாளைக்கு நானும் கூட வரேன் என்று மட்டும் சொன்னான்.

கூட்டம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில். பதினாறு வீட்டுக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். செக்ரட்டரி புது விதியைப் படித்தார். அட்டை, பிளாஸ்டிக் முதலியவற்றால் ஆன எதையும் உடலில் அணிந்து பொது இடத்தில் நடமாடக் கூடாது. மூன்றாம் மாடிக்காரர், அப்படியென்றால் மழைக்கோட்டு என்று கேட்டார். ஒருவர் தன் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டி, டாக்டர் மாட்டச் சொன்னது, இதில் பிளாஸ்டிக் இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பொருளாளர் அம்மா, நல்ல மனசுக்காரர்தான், சமாதானத்துக்கு ஒரு வழி சொன்னார். தினம் நாலிலிருந்து ஐந்துவரை, இந்த வண்டி நிறுத்தும் மூலையில், சங்கத்தின் அனுமதியோடு பிள்ளைகள் விளையாடட்டும். பல தலைகள் ஆடின. கணவன் அவள் முழங்கையை லேசாகத் தொட்டான். வாங்கிக்கொள் என்று அர்த்தம்.

அவள் எழுந்து நின்றாள். “அனுமதின்னு குடுத்தா, நாளைக்கு வேணாம்னு பிடுங்கவும் செய்வீங்க. அதனால எனக்கு அது வேணாம்மா. நானும் இங்க குடியிருக்கேன். என் வாசல்ல என் குழந்தை விளையாடுறதுக்கு நான் யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல.”

அவள் செக்ரட்டரி பக்கம் திரும்பினாள்.

“ரூல் போடணும்னா போடுங்க சார். ஆனா குழந்தைங்க விளையாடக் கூடாதுன்னு நேரா எழுதுங்க. அட்டை, பிளாஸ்டிக்னு சுத்தி வளைக்காதீங்க. அஞ்சு பேரோட பேரையும் எழுதுங்க. சரின்னு சொல்றவங்க எல்லாரும் கீழ கையெழுத்துப் போடுங்க. நான் அதை என் வீட்டு வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டுறேன். படிக்கத் தெரியற வயசு வந்ததும் அவங்களே படிச்சுக்கட்டும்.”

செக்ரட்டரி பேனாவைத் திறந்தார். எழுதத்தான் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. யார் வழிமொழிகிறீர்கள் என்று சுற்றிப் பார்த்தார். பொருளாளர் அம்மா கைப்பையில் எதையோ தேடினார். மூன்றாம் மாடிக்காரருக்கு ஃபோன் வந்துவிட்டது. செக்ரட்டரியின் மச்சினர்கூட, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமே மச்சான் என்றார். பேனா மூடிக்கொண்டது. விதி வரவுமில்லை, போகவுமில்லை.

படியேறும்போது கணவன், நான் தொட்டதற்கு வேற அர்த்தம் என்றான். தெரியும் தெரியும் என்றாள் அவள்.

மறுநாள் காலை அவள் பட்டைகளையெல்லாம் அவிழ்த்தாள். வீட்டை வெளியே கொண்டுவந்து, வராந்தாவின் கடைசி மூலையில், தரையில், தூக்கி வைத்தாள். இதற்கு மேல் தலையில் வைத்துக்கொண்டு திரிய அவளுக்கு மனசில்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து புது அட்டை ஒன்றை வெட்ட ஆரம்பித்தாள். மூன்று பிள்ளைகளும் உள்ளே குடியேறினார்கள். வாட்ச்மேன் பெருக்க வந்தார். வீட்டை ஒரு கையால் தூக்கி, அடியில் பெருக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு இரட்டையரின் அம்மா வந்து நின்றாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். ஆளுக்கொரு கையில் பெரிசும் சிறிசும்.

“அவருக்கு இன்னும் பயம்தான் அக்கா. எனக்கு நேரமாச்சு” என்று சொல்லிப் பையன்களை விட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினாள்.

பதினோரு மணி வாக்கில் செக்ரட்டரி வந்தார். வராந்தா முழுக்க நடந்து வந்து, வீட்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். அவள் கட்டரைக் கீழே வைக்கவில்லை, எழுந்திருக்கவுமில்லை.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். “கதவு வெளிப்பக்கமாத் திறக்கும்.”

அவர் தள்ளி நின்றார்.