டோரீனின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி

வெர்னனுக்குப் பவளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாகினா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான், வாசலில் பனி வாருவான், மனைவி டோரீன் கேட்டால் உப்புத்தண்ணீர் வாளியைத் தூக்கி வருவான். கூடத்தில் உயிருள்ள கடல் பவளம் வளரும் கண்ணாடித்தொட்டி முழுக்க அவள் ராஜ்யம். அதன் நடுவே ஒரு பச்சைப் பவளம், விளிம்பெல்லாம் ஊதா. நகத்தளவு துண்டாக வாங்கிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்த்திருந்தாள். தேவாலயத்துக்குப் பெண்கள் போட்டுப் போகும் தொப்பி மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்ததால் அதற்கு 'ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி' என்று பெயரும் வைத்திருந்தாள்.

ஊரில் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. நல்ல பவளம் வைத்திருப்பவர் அதில் துண்டு உடைத்து மற்றவர்களுக்குக் கொடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். நாளைக்கு மின்சாரம் நின்று தன் தொட்டி செத்துப்போனாலும், கொடுத்த இடத்திலிருந்து ஒரு துண்டு திரும்பி வரும். டோரீன் மட்டும் தொப்பியை உடைக்க மனம் வராமல், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். புற்றுநோய் எதையும் தள்ளிப் போடவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ரொட்டியும் சுட்ட உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பதிலாக வெர்னன் அந்த வழக்கத்தைச் செய்தான். காலையிலேயே தொப்பியின் ஓரத்தை உளியால் தட்டி, அடிப்பாறையோடு துண்டு துண்டாக எடுத்து, நீர் நிரப்பிய பைகளில் கொண்டுவந்திருந்தான். பாறையில் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள் முளைத்திருந்தன. அவள் படுக்கையில் கிடந்த மாதங்களில் வந்தவை. அழகாக இருக்கிறதே என்று, பூவுள்ள இடமாகப் பார்த்துப் பார்த்து உடைத்திருந்தான். சங்கத்துக்காரர்கள் பையைத் தூக்கிப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவர்களுக்கும் துக்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வீட்டுத் தொட்டியில் மீதியிருந்த பூக்களுக்கு அவன் இறால் துணுக்குக்கூடப் போட்டான். அவை இரண்டு கையாலும் வாங்கித் தின்றுவிட்டுப் பெருகின. கோடை வருவதற்குள் தொப்பியைச் சுற்றி வளைத்துவிட்டன. தொப்பியின் ஒரு பக்கம் வெளுக்க ஆரம்பித்ததும்தான் அவைதான் காரணம் என்று அவனுக்குப் பட்டது. கத்தியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டித் தள்ளினான். பத்து நாளில் மணலிலும் கண்ணாடியிலும் குழாயிலும் பூ. வேறு வழியில்லாமல் ரோண்டாவைக் கூப்பிட்டான். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், டோரீனின் சிநேகிதி, சங்கத்தில் மூத்தவள்.

"சுரண்டினியா?" என்றாள் தொட்டியைப் பார்த்துவிட்டு.

"ஒண்ணு விடாம."

"நல்லா வெதைச்சிருக்க, போ. இது பூ இல்ல வெர்ன். கடல் சாமந்தின்னு ஒரு உயிரு. நமக்குக் களை. இதுல ஒரு துணுக்குத் தோலு விழுந்தாப் போதும், அதுவும் ஒண்ணா முளைச்சுக்கும். பக்கத்துல இருக்கிறதக் கொட்டியே கொன்னுடும்."

அந்த ஊரில் ஊறுகாய்க்குப் போடும் சுண்ணாம்புத் தூளைக் கெட்டியாகக் குழைத்து, ஊசிக்குழலில் எடுத்து, தொட்டியின் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒன்றின் வாயில் மெல்ல வைத்துக் காட்டினாள். அது சுருண்டு மூடிக்கொண்டது.

"ஒரு நாளைக்கு நாலஞ்சுதான். மொத்தமா அடிச்சேன்னா தண்ணியில சுண்ணாம்புக் காரம் ஏறி எல்லாமே போயிடும். கையுறை போடு, கண்ணுக்குக் கண்ணாடி போடு. இதைத் தின்கிற இறால் கொண்டாந்திருக்கேன், அதும் கொஞ்சம் தின்னும். அவசரப்படாத."

"டோரீன் மாதிரியே வெரட்டுறியே."

"அவகிட்ட வாங்கின வெரட்டுதான்."

கிளம்பும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சாவியைத் தேடுவது போலப் பையைத் துழாவிவிட்டுப் போய்விட்டாள்.

வெர்னன் அவள் சொன்னபடியே செய்தான். களையும் குறைந்துதான் வந்தது. ஆனால் மறுபடி பனி விழத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை, தொப்பியின் நட்டநடுவில், நல்ல பச்சையைத் துளைத்துக்கொண்டு ஒன்று கை விரித்து நின்றது. அவனுக்குக் கண் மண் தெரியவில்லை. கிண்ணம் நிறையச் சுண்ணாம்பைக் குழைத்தான், கண்ணில் பட்டதற்கெல்லாம் வைத்தான். தண்ணீர் பாலாகிப் போனது. மதியம் இறால்கள் செத்து மல்லாந்து கிடந்தன. மறுநாள் தொப்பியின் தசை இழை இழையாக உரிந்து மிதந்தது. அடியில் வெள்ளை எலும்பு மட்டும் இருந்தது. அடக்கத்தன்று அழாதவன், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அழுது ஓய்ந்த பிறகுதான் வழக்கம் நினைவுக்கு வந்தது. துண்டுகள் கொடுத்து வைத்திருக்கிறோமே. எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தான்.

"அந்தத் துண்டு தொட்டியில சரியாப் பிடிக்கல வெர்ன்," என்றார் சங்கத்துக்காரர் டெல்பர்ட்.

அடுத்தவரும் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். அதற்கடுத்தவள் சொன்னதும் அதே வார்த்தை. யாரும் எப்படி என்று விவரம் சொல்லவில்லை. ரோண்டா மட்டும், "நேர்ல வரேன்," என்று வைத்துவிட்டாள்.

வந்தவள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"யாருமே அதத் தொட்டிக்குள்ள விடல வெர்ன். எல்லாத் துண்டுலயும் களை இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் குப்பையில போட்டுட்டாங்க. நான் அடிப்பாறைய வெட்டி எறிஞ்சிட்டு பவளத்த மட்டும் தனி வாளியில வச்சுப் பாத்தேன். பொழைக்கல."

"எல்லாருமா?"

"உசிரா வளத்த தொட்டி. யாரு துணிவா?"

"கையப் பிடிச்சு நன்றி சொன்னாங்களே ரோண்டா."

"பொண்டாட்டிய அப்பத்தான் பொதைச்சிட்டு வந்து நிக்கிற. பாத்துப் பாத்து உடைச்சேன்னு வேற சொல்ற. எந்த வாயால சொல்லச் சொல்ற எங்கள?"

வெர்னன் ஊசிக்குழலை எடுத்துத் தொட்டியோரம் வைத்தான். பிறகு கேட்டான்: "அன்னிக்கே சொல்லியிருந்தா?"

ரோண்டா தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. "அன்னிக்குக் கொஞ்சந்தான் இருந்திருக்கும். ஒரு வாரத்துல முடிச்சிருக்கலாம்."

தன் தொட்டியிலிருந்து நல்ல பவளமாக ஒன்று கொண்டுவந்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றான். கதவு வரை போய் வழியனுப்பினான், பனி வழுக்கும், பார்த்துப் போ என்றும் சொன்னான். அவள் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. கோபம் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது, எலும்பின் மடிப்பிலிருந்து பழுப்பாகச் சின்னதாக ஒன்று தலை நீட்டியிருந்தது. ஊசிக்குழல் பக்கத்திலேயே கிடந்தது, கிண்ணத்தில் சுண்ணாம்பும் மீதி இருந்தது. வெர்னன் சமையலறைக்குப் போய் இறால் துணுக்கு ஒன்று எடுத்து வந்தான். டோரீன் கைவைத்த தண்ணீரில் வேறெதுவும் உயிரோடு இல்லை. அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.