மழை நாட்களில் ரஷீது

“மழை பேஞ்சா சாத்தாங்காட்டுல கிரேன் நின்னுடும்மே. எங்க ஆளு மத்தியானமே வந்து தூங்கிகினு கீது. உன் வூட்டுக்காரரு மட்டும் ஏன் ஏழு மணிக்கு வர்றாரு?”

“வேல இருக்கும்க்கா.”

“இன்னா வேல? மழைய எடை போடுறாரா?”

பக்கத்து வீட்டு நீலா நேற்று சிரித்துக்கொண்டே கேட்டதுதான். அதன் பிறகு ஜஸீமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரஷீது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவன். இந்த மாதம் நாலு மழை நாள். நாலு நாளும் இருட்டிய பிறகுதான் வந்தான். கேட்டால் லோடு என்றான். ஒரு நாள் சட்டையில் அத்தர் வாசம் வேறு. அவன் அத்தர் பூசுகிறவனே இல்லை.

அப்படி ஏதாவது என்றால் போய் நிற்க அவளுக்கு இன்னொரு வீடு கிடையாது. கிரேன்காரனுக்குப் பெண் தர மாட்டேன் என்று ரஷீதை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவர் அவளுடைய அத்தா. மீறிக் கல்யாணம் செய்துகொண்டு ஆறு வருஷம் ஆகிறது.

இன்று மூன்று மணிக்கு மழை விட்டது. மார்க்கெட்டிலிருந்து வருகிறவன் ரயில் பாதைக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஜஸீமா இந்தப் பக்க டீக்கடை ஓரமாக நின்றாள்.

நாலரைக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தின் நடுவில் தெரிந்தான். இறங்கி வரவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைக்குட்டையால் பாலத்தின் ஈரக் கைப்பிடிக் கம்பியைத் துடைத்தான். யார் பிடித்துக்கொள்வதற்கு? கல்யாணத்துக்கு முன்னால் தனக்காக இப்படி வழி பார்த்து நின்றவன்தானே என்று நினைத்தபடி அவள் டீக்கடை ஓரத்திலிருந்து வெளியே வந்தாள். திடீரென்று அவன் அந்தப் பக்கப் படிகளில் இறங்கி மறைந்தான்.

வழுக்கும் படிகளில் அவள் ஓடி ஏறினாள்.

எதிர்ப்புறம், படியோரச் சரிவில் ரஷீது வேறொரு பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி வந்தான். அவன் தோளைப் பிடித்தபடி பின்னால், அத்தர் மணக்க, அவளுடைய அத்தா கமாலுதீன்.

ரஷீது திருடனைப் போல விழித்தான். போன மாதம் மழையில் இங்கே வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிட்டதிலிருந்து, சாயங்கால அஸர் தொழுகைக்கு இந்தப் பக்கப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து, இருட்டும்போது மஃரிப் தொழுகை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறானாம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர்தான் சத்தியம் வாங்கினார் என்றான்.

“மழை வந்தா மட்டும்தான்,” என்றார் கமாலுதீன், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

அத்தாவைப் போய்ப் பார்க்கலாமா என்று இவனிடம் எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்து, இவனை நிறுத்திப் பேசிய அந்த வாசலை நினைத்து விழுங்கியிருக்கிறாள். இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“அத்தாவ நம்ம வூட்டுக்குக் கூட்டினு வாங்க,” என்றாள் ரஷீதிடம்.