அடக்கப் பாட்டுக்கு மூன்று மெட்டு

கல்கத்தாவின் மூன்று தமிழ்ச் சபைகளும் ஒரே அடக்கப் பாட்டை மூன்று மெட்டில் பாடின. சபைகளை ஒன்றாக்க எட்டு வருடம் உழைத்த போதகர் ஞானாபரணத்துக்கு இதற்கு மட்டும் வழி தெரியவில்லை.

இன்று அடக்கம் அவர் மனைவி அன்னப்பாக்கியத்துக்கு. மூன்று சபையாரும் முதன்முறையாக ஒரே குழியைச் சுற்றி நின்றார்கள். பாட்டு உடைந்தால் மறுபடி தனித்தனியாகப் போய்விடுவார்கள்.

“எங்க மெட்டுலயே பாடிருவோம் ஐயா,” என்றார் மெதடிஸ்டு மாசிலாமணி.

“உங்க மெட்டுக்குச் செத்தவங்களே எழுந்து ஓடிருவாங்கவே,” என்றார் பாப்டிஸ்டு வேதமுத்து.

போதகருக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து அழுகையும் வரவில்லை. மதிலுக்கு வெளியே வங்காளிகளின் கீர்த்தனைக் கூட்டம் ஒன்று பாடிக்கொண்டு போனது. முன்னால் போனவர் பாடி நிறுத்தினார், பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள். அது தேய்ந்து மறையும் வரை போதகர் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு, அன்னப்பாக்கியம் அரிசி புடைக்கும்போது முணுமுணுக்கும் மெட்டில், முதல் வரியைப் பாடி நிறுத்தினார். மூன்று சபையும் அதைத் திருப்பிப் பாடியது. அவர் இரண்டாவது வரியைப் பாட, அதையும் திருப்பிப் பாடியது.

ஒருவர் ஒரு வரி பாட வேண்டும். மற்றவர்கள் கேட்டதைத் திருப்பிப் பாட வேண்டும். அப்போது யாருக்கும் மெட்டு முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.