சம்மாட்டியாரின் வலது கால்

கரைவலைச் சொந்தக்காரரான செபநாயகம் சம்மாட்டியாருக்குப் பாவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததெல்லாம் அயலட்டைச் சனத்துக்குத்தான். ஆனாலும் அவர் மாதம் தவறாமல், பாவங்களைச் சுவாமியிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுவார். ஊரில் நடக்கும் அக்கிரமங்களை ஆண்டவருக்கு ஒருவர் அறிவிக்கத்தானே வேண்டும்.

முப்பத்தாறாம் ஆண்டு தபசுகாலத்தில் அந்தக் கரைக் கோயிலுக்குப் புதிய பங்குச் சுவாமி ஒருவர் வந்திருந்தார். பிரான்சு தேசத்தவர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பெரிய வியாழனுக்கு மூன்று நாள் முன்னதாகச் சம்மாட்டியார் அவரிடம் போய், சித்தப்பாவின் மகன் லியோன் தம்மை முறைத்ததையும், அதனால் தமக்குக் கோபம் வந்ததையும், லியோனின் பெண்சாதி யோசப்பின் என்பவள் கோயில் வாசலில் முகத்தைத் திருப்பியதையும், அதனால் தாமும் திருப்ப நேர்ந்ததையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனார். பாவசங்கீர்த்தனம் இரகசியம் என்பது திருச்சபையின் சட்டம். அலைக்கு மேலால் கத்திப் பழகிய சம்மாட்டியாரின் தொண்டைக்கு அந்தச் சட்டம் தெரியாது. வரிசையில் நின்ற பெண்களின் கையில் செபமாலை மணிகள் அசையாமல் நின்றன.

சுவாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"இது லியோனுடைய பாவசங்கீர்த்தனம். அவன் வரும்போது சொல்லட்டும். நீர் உம்முடையதைச் சொல்லும்."

சம்மாட்டியார் தம்முடையதைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. சுவாமியே கிண்டிக் கிண்டிக் கேட்டதில் நாலு வருஷத்துக்கு முந்திய கதை வெளியே வந்தது. அந்தக் கரையில் கரைவலை முறை வைத்துத்தான் இழுப்பார்கள். ஒருவனுடைய முறை நாளில் இன்னொருவன் வலை தண்ணீரில் நனையக்கூடாது. அன்று லியோனின் முறை. லியோன் கரைக்கு வரவில்லை. பாரை மீன் கூட்டமாக வந்தது. சம்மாட்டியார் தமது வலையை விட்டார். அவ்வளவுதான்.

"அவன் எங்கை போனானோ ஆருக்குத் தெரியும்? மீன் காத்துக்கொண்டு நிக்குமோ, சுவாமி?"

அவன் பிள்ளைப்பேற்று நோவெடுத்த யோசப்பினை வண்டிலில் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி ஆசுபத்திரிக்குப் போயிருந்தான் என்பதைச் சம்மாட்டியார் பின்னர்தான் அறிந்தாராம். லியோன் திரும்பி வந்து மீனைக் கேட்கவில்லை. மன்னிப்பாக ஒரு வார்த்தை கேட்டான். முறையை விட்டுப் போனவனுக்கு வார்த்தை என்ன வார்த்தை என்று இவர் சொன்னார். அன்றோடு கதை பேச்சு நின்றது.

லியோனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால்தான் பாவப்பொறுத்தல் என்று சுவாமி சொல்லிவிட்டார். பாவப்பொறுத்தல் இல்லாதவனுக்குப் பெரிய வியாழனில் கதிரையும் இல்லை.

இதுதான் சம்மாட்டியாரைச் சுட்டது. பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களின் கால் கழுவியதன் நினைவாக, பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாகக் கதிரையில் இருத்திச் சுவாமி கால் கழுவுவார். பதினொரு வருஷமாக முதற்கதிரை, அதாவது தலைமை அப்போஸ்தலரான இராயப்பரின் கதிரை, சம்மாட்டியாருடையது. உண்மையான இராயப்பர் ஆண்டவரிடம் கால் தரமாட்டேன் என்று மறுத்தவர். சம்மாட்டியார் சுவாமி குனியும் முன்பே நீட்டிவிடுவார்.

பின்னேரம் அவர் லியோனின் வளவுக்குப் போனார். லியோன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். யோசப்பின் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லியோன், உன்னை நான் மன்னிச்சிட்டன்" என்றார் சம்மாட்டியார்.

"என்னத்துக்கு அண்ணை?"

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்குமெண்டால் கூடிப்போச்சு. ஒண்டைச் சொல்லுங்கோ, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுறன்."

சம்மாட்டியார் ஒன்றைத் தேடினார். பெருந்தன்மைக்கு இந்தக் காலத்தில் மதிப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்து படலையைச் சாத்தினார். மறுநாள் கோயில் வாசலில் சுவாமியைக் கண்டு, லியோனிடம் போய் வந்தாயிற்று என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சுவாமி நல்லது என்று தலையசைத்துப் பொறுத்தலும் கொடுத்துவிட்டார். மனிதருக்கு எது மிகவும் தேவையோ அதைச் சம்மாட்டியார் இப்படிச் சுற்றுவழியால் பெற்றுக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் தென்னந்தும்பும் கடல் மணலும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்து வலது காலைத் தேய்த்தார். சுவாமி கழுவும்போது தண்ணீர் கலங்கக்கூடாது என்பது அவருடைய பதினொரு வருஷக் கொள்கை. இடது கால் தாரும் சேறுமாகக் கிடந்தது.

"மற்றக் காலையும் தேய்ச்சால் குறைஞ்சோ போவியள்?" என்றாள் பெண்சாதி அருமைநாயகி.

"சுவாமி கழுவுறது வலது கால். உனக்கென்ன தெரியும்?"

கோயில் நிறைந்திருந்தது. பன்னிரண்டு கதிரை, பன்னிரண்டு வெள்ளை வேட்டி. செம்பும் தாம்பாளமும் பிடிப்பது வீட்டுக்கு வீடு முறையாக வரும் ஊழியம். இந்த வருஷம் லியோனின் முறை. இந்த முறையைத் தட்டிப் பறிக்கச் சம்மாட்டியாருக்கு வழி தெரியவில்லை.

சுவாமி முழந்தாளிட்டார். வலது கால் பளபளவென்று முன்னே வந்தது. சுவாமி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"இது கழுவப்பட்டிருக்கிறது. மற்றதைத் தாரும்."

சம்மாட்டியார் வேட்டியை இழுத்து மூடினார். சுவாமி எழும்பவில்லை. பதினொரு அப்போஸ்தலர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இடது கால் வெளியே வந்தது. குதி வெடித்து, வெடிப்புக்குள் தார் இறுகி, பெருவிரல் நகத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. லியோன் தண்ணீர் ஊற்றினான். சுவாமி விரல் விரலாகத் தேய்த்தார். தாம்பாளம் கறுத்தது.

சம்மாட்டியார் லியோனின் முகத்தைப் பார்க்க வேண்டிவந்தது. வேறு பார்க்க இடம் இருக்கவில்லை. அவர் குனிந்து அவன் காதுக்குள் இரகசியமாகச் சொன்னார். அதாவது, கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கு மட்டும் சில சொற்கள் தெளிவில்லாமல் கேட்டன.

"தம்பி, அண்டைக்கு உன்ரை வண்டில் எங்கடை படலையைத் தாண்டிப் போனதை நான் கண்டனான். யோசப்பின் அழுததும் கேட்டது. தெரிஞ்சுதான் வலையை விட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்."

லியோன் செம்பைச் சரித்தபடி நின்றான்.

"நீங்கள் கண்டது எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை. நாலு வருஷமாய் நீங்கள் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன்." அவன் செம்பை இன்னும் கொஞ்சம் சரித்தான். "நான் மன்னிச்சிட்டன். இப்ப காலை ஆட்டாதையுங்கோ, தண்ணி சிந்துது."

அடுத்த நாள் சம்மாட்டியார் மறுபடி பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் எழும்பிவிட்டார். லியோனின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வரிசையில் நின்ற பெண்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஊர் நடந்ததை மறக்கவில்லை. நல்ல பாடமும் படித்துக்கொண்டது. அடுத்த பெரிய வியாழனுக்குப் பதினொரு அப்போஸ்தலர்கள் இரண்டு காலையும் தும்பு போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். சம்மாட்டியார் மட்டும் கரையிலிருந்து நேரே வந்து கதிரையில் இருந்தார். அவருக்கு மட்டும் இரண்டு செம்பு தண்ணீர் செலவானது.