ஏலக்காரரின் தொண்டை

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவருக்கு ஆண்டவன் எதைக் குறைத்தானோ, தொண்டையைக் குறைக்கவில்லை. அவர் வெங்காயத்துக்கு விலை கூவினால், மூட்டைமேல் படுத்துத் தூங்குகிறவனும் எழுந்து விலை கேட்பான். அப்படிப்பட்ட மனிதர் இன்று வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தார்.

எல்லாம் மனைவிக்காக. பல் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவள். இந்தக் காப்புமலையை விட்டால் வேறெங்கும் இல்லாத சருகுப்பட்சியைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. முன்பு தோழிகளோடு வந்து ஏமாந்து திரும்பியிருக்கிறாள். பட்சிகள் கூடுகட்டும் காலம் என்று நாளை முதல் மலை வாசலைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அடுத்த வருஷம்தான்.

அடிவாரத்திலேயே வனக்காவலர் சொல்லிவிட்டார். "யாராவது சத்தம் போட்டா மொத்தப் பேரையும் கீழ இறக்கிடுவேன். அது உக்காந்தா சருகு, பறந்தாத்தான் பட்சி. றெக்கைக்கு அடியில ஒரு நீலம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவு பேர் வர்றாங்க."

"அப்போ இன்னைக்கு தரிசனம் இல்ல," என்றான் கூட வந்த மச்சினன். "மாமா ரகசியம் பேசினாலே ரெண்டு தெருவுக்குக் கேக்கும்."

"பொறுத்துப் பாரு மாப்ள," என்று ஏலக்காரர் ரகசியமாகத்தான் சொன்னார். முன்னால் போன காவலர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, கைக்குட்டை இருந்தா குடு. மாமா வாயில அடைக்கணும்."

"முதல்ல உன் வாய மூடுடா. அவர் பேசாமத்தான் வருவார்," என்றாள் அவள்.

அந்தச் சொல்லைக் காப்பாற்றவே அவர் மேலே வரைக்கும் மூச்சைக்கூட அளந்து விட்டார்.

உச்சியில் ஒரு சிறு வெளி. ஒரு பக்கம் பட்டுப்போனது போல ஒரு மரம், மறுபக்கம் கிடுகிடு சரிவு. நெடுநேரம் நின்றார்கள். மனைவியின் முகம் மெல்ல வாடிக்கொண்டு வந்தது. 'எனக்கு வேண்டாம் சாமி, அவ கண்ணுக்கு மட்டும் காட்டு' என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

அப்போதுதான் மச்சினனைக் கவனித்தார். பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, மரத்தின் நுனியைப் பார்க்க அவன் சரிவுப் பக்கம் பின்னோக்கி நடந்து போகிறான். அவன் குதிகாலுக்கடியில் மண் உதிர்கிறது. எட்டிப் பிடிக்கும் தூரமில்லை. கத்தினால் மனைவியின் ஆசை அதோடு போயிற்று. அது அவருக்குத் தெரியாமலில்லை.

"நில்லு மாப்ள! அசையாத!"

மிட்டாய் எங்கோ தெறித்தது. மலை அந்தக் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மச்சினன் ஆணி அடித்தாற்போல நின்றான். காவலர் பாய்ந்து அவன் சட்டையைப் பற்றி இழுத்தார். அவன் நின்ற இடத்திலிருந்து கற்கள் உருண்டோடின.

அந்த மரத்திலிருந்து ஒரு சருகு கழன்றது. கீழே விழவில்லை, மேலே எழுந்தது. சிறகு விரிந்ததும் அடியில் ஒரு நீலம். விளக்குச் சுடரின் அடியில் தெரியுமே, அந்த நீலம். மனைவியின் தலைக்கு மேலாகக் கடந்துபோய் வேறொரு கிளையில் அமர்ந்து மறுபடி சருகாயிற்று. அத்தனை நேரமும் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது.

அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டேங்க," என்று உதடு மட்டும் அசைந்தது.

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றார் காவலர். "ஆனா சத்தம் போட்டா இறங்கித்தான் ஆகணும்."

"இறங்கிடுறோம்," என்றார் ஏலக்காரர், இப்போது நிஜமாகவே தணிந்த குரலில்.

மச்சினன் தரையில் உட்கார்ந்திருந்தான். "என் உயிரைக் காப்பாத்திட்டீங்க மாமா, மறக்க மாட்டேன். ஆனா பட்சிய நான் பாக்கலையே. இன்னொரு தரம் கத்துங்களேன்... கொஞ்சமா."

ஏலக்காரர் அந்தக் கிளையைப் பார்த்தார். பயந்து பறந்த ஜீவன், இவர்களை நம்பி மறுபடி உட்கார்ந்திருக்கிறது. பையிலிருந்து இன்னொரு மிட்டாயை எடுத்தார். காகிதம் சரசரக்காமல் பிரித்து மச்சினன் வாயில் போட்டார். தன் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கத் தொடங்கினார்.