தட்டிப் பார்த்த சத்தம்

"ஆர்சி புக்குல வெள்ளைன்னு இருக்குது, வண்டி செவப்பா நிக்குது. அதான் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல போலீஸ்காரரு மடக்கிட்டாரு. வேற ஒண்ணுமில்ல அமுதா, இங்க ஒரு கையெழுத்து போடு."

திலீபன் நிறம் மாற்றும் விண்ணப்பப் பாரத்தைக் கார் பேனட்டின் மேல் விரித்து, பறக்காமல் இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே ஆர்டிஓ ஏஜெண்ட் பைக்கை அணைக்காமல் காத்திருந்தார். வேலைக்குக் கிளம்பிய அமுதவள்ளி சாப்பாட்டுப் பையோடு நின்றாள்.

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீசுல கேக்கணுமாமே?"

"கேக்கணும்தான். அதுக்குத்தான் போன மாசத் தேதி போட்டிருக்குது."

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? வேலைக்குப் போயிட்டு வரதுக்குள்ள பட்டறைக்கு ஓட்டிட்டுப் போயிட்டீங்க."

"செவப்பு உனக்குப் புடிக்குமேன்னு அடிச்சேன்."

"கல்யாணமாகிப் பதினாறு வருசம் கழிச்சுத் தெரிஞ்சிதாக்கும்."

வெளியே ஏஜெண்ட் சிரித்தார்.

செராமிக் கம்பெனியில் அவளுக்குத் தட்டிப் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வரும், மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டுவாள். நல்லதென்றால் மணி மாதிரி கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சத்தம் செத்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படி. வீட்டில் தட்டு, டம்ளர், தண்ணீர்க் குடம் என்று எதைத் தொட்டாலும் கை தானாகத் தட்டிவிடும்.

இப்போதும் தட்டியது. கதவுத் தகரம் கணீரென்றது. இடது முன்சக்கரத்துக்கு மேலே மட்டும் மண்சுவரைத் தட்டியதுபோல் தொப்பென்றது.

"இங்க என்ன பூசியிருக்குது?"

"லேசா தேஞ்சிது. பட்டி பாத்தாங்க."

"எங்க தேஞ்சிது?"

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

பத்து நாளைக்கு முன்னால், சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் பூர்ணிமா சொன்னாள்: "கருவேப்பிலங்குறிச்சி வளைவுல பால்காரர ஒரு வெள்ளக் காரு அடிச்சிட்டு நிக்காம பூட்டுதாம். இன்னும் கண்ணு முழிக்கலியாம்." பாவம் என்று சொல்லிவிட்டு அமுதவள்ளி மோர் ஊற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கார் பட்டறைக்குப் போயிருந்தது; நாலு நாள் கழித்துச் சிவப்பாகத் திரும்பியது.

"ஏங்க, கருவேப்பிலங்குறிச்சியா?"

திலீபன் கேட்டுப் பக்கம் பார்த்தான். "மெதுவா பேசு."

"நான் போடமாட்டேன்."

"போடாத. திங்கக்கிழம ஸ்டேசன்ல பேப்பர் காட்டலன்னா எப்ப அடிச்சீங்க, ஏன் அடிச்சீங்கன்னு தோண்டுவாங்க." அவன் குரலில் கோபமே இல்லை. "வண்டி யாரு பேர்ல இருக்குது அமுதா?"

வாங்கும்போது அவள் பேரிலேயே இருக்கட்டும் என்று அவன்தான் சொன்னான். அன்றைக்கு அவள் கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

பேனா மூடியை அவனே கழற்றி நீட்டினான். வெளியே ஏஜெண்ட் ஆரன் அடித்தார். பேனட்டின் மேல் காகிதத்தின் ஓரம் காற்றில் எழுந்து எழுந்து படிந்தது. அவள் கை சக்கரத்துக்கு மேலேயே இருந்தது. விரல் முட்டி இன்னொரு முறை தட்டியது. அதே சத்தம்.