நெஞ்சுத் தூவி

மகன் ஆரியைக் கடல் கொண்டுபோன நாள்முதல் யோருன் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிறுதோறும் தங்கை ஸ்டெய்ன்வோரோடு வாசல்வரை வருவாள். வெளியே கிடக்கும் கல்மேல் உட்கார்ந்துகொள்வாள். பனி கொட்டினாலும் சரி.

ஸ்டெய்ன்வோர் பாட்டுக் கட்டுகிறவள். பெந்தெகொஸ்தே திருநாளன்று பூசை முடிந்ததும் பாடும்படி பாதிரியார் கேட்டிருந்தார். ஊர் மெச்சுவது கிடக்கட்டும், அக்காள் உள்ளே வரவேண்டும். அவளுக்கு அந்த ஒரே ஆசைதான்.

முட்டைக்கு மெத்தையாகக் கடல்வாத்து தன் நெஞ்சிலிருந்து பிய்த்துப் பரப்பும் மென்னிறகுதான் தூவி. அதைக் கூடுகளிலிருந்து எடுக்க இருவரும் கரைக்குப் போனபோது ஸ்டெய்ன்வோர் பாடிக்காட்டினாள். தன் நெஞ்சைக் கொத்தி, ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடாதான் கிறிஸ்து என்றது பாட்டு.

"அந்தப் பறவைய நீ பாத்திருக்கியா?" என்றாள் யோருன்.

"இல்லக்கா. பாதிரியார் சொன்னாரு."

"அவரு பாத்தாராமா?"

"அவரும் புஸ்தகத்துலதான்..."

"நல்லா இருக்குடி! எம் புள்ள எங்கன்னு நான் கேட்டா, ஐஸ்லாந்துல ஒருத்தரும் பாக்காத பறவையக் காட்டுறீங்க."

சொல்லிக்கொண்டே அடுத்த கூட்டுக்குக் குனிந்தவள் கை அப்படியே நின்றது. இரண்டு தடவை அவர்கள் தூவியை வழித்தெடுத்த கூடு அது. தாய்வாத்து மூன்றாம் தடவையும் மெத்தை போட்டிருந்தது. மெல்லிய தூவி, அங்கங்கே ரத்தத் துளி. வெறும் நெஞ்சோடு, கைக்கெட்டும் தூரத்தில் வாத்து உட்கார்ந்திருந்தது.

"இதத் தொடாதடி. அவகிட்ட இனி குடுக்க ஒண்ணும் இல்ல." யோருன் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இருந்தும் விட்டுட்டுப் போகல பாரு."

அன்று மாலையே கூழைக்கடா பாட்டைவிட்டுப் பறந்துபோனது. அதன் இடத்தில் கடல்வாத்து வந்து உட்கார்ந்தது.

திருநாள் வந்தது. பூசை முடிந்து ஸ்டெய்ன்வோர் பீடத்தின் முன் நின்று பாடினாள். திறந்த கதவு வழியே, கல்மேல் அக்காளின் முதுகு தெரிந்தது. வாத்து வரும் அடியில், 'நெஞ்சுத் தூவி' என்று தான் கட்டியிருந்ததை வேண்டுமென்றே மாற்றி, 'சிறகுத் தூவி' என்று பாடினாள்.

முதுகு அசைந்தது.

"சிறகுலயா?" வாசலிலிருந்து குரல் வெடித்தது. "அடியே, கண்ணால பாத்துட்டுமா இப்படிப் பாடுற?"

சனம் மொத்தமும் திரும்பியது. பாதிரியார் திறந்த வாயை மூடவில்லை.

"மறந்துபோச்சுக்கா," என்றாள் ஸ்டெய்ன்வோர், ஒன்றும் தெரியாதவள்போல. "எந்த இடம்னு வந்து காட்டேன்."

யோருன் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பீடத்தின் முன் நின்று தன் நெஞ்சில் கை வைத்தாள்.

"இங்க," என்றாள். "இங்கேருந்துதான்டி."

வைத்த கையை அவள் எடுக்கவில்லை. வெளியே போகவும் இல்லை. ஸ்டெய்ன்வோர் சற்று நகர்ந்து அக்காளுக்கு இடம்விட்டு, அந்த அடியை முதலிலிருந்து பாடினாள், இந்தத் தடவை சரியாக.